பல ஆசைக்கு ஒரு பேரேடு: தொழிலைத் தேர்ந்தெடுக்க 16 வாரச் செய்முறை

படம் வரையப் பிடிக்கும், சமைக்கப் பிடிக்கும், கணினியும் பிடிக்கும், பழைய வீட்டைக் கண்டால் கால் நகராது. இப்படி நாலைந்து ஆசை உள்ளவரிடம் கல்யாண வீட்டில் யாராவது "அடுத்து என்னப்பா பண்ணப் போறே?" என்று கேட்டால் பதில் வராது. செட்டிநாட்டில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை, ஓலையில் முடையும் கொட்டான் என்ற கூடை, சமையல், பழம்பொருள் கடை என்று எல்லாமே பஸ் ஏறினால் எட்டும் தூரத்தில் கண்முன் நடக்கின்றன.

உட்கார்ந்து யோசித்தால் இது தீராது. செய்து பார்த்து, செய்ததை எழுதி வைத்தால் தீரும். தேவையானவை: 80 பக்க நோட்டு ஒன்று, வாரம் 6 மணி நேரம், ஓர் ஆசைக்கு 1,500 ரூபாய்க்கு மேற்படாத செலவு.

1. பட்டியல் (முதல் வாரம்)

இருபது நிமிடத்தில் எல்லா ஆசைகளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், கடந்த மூன்று மாதத்தில் யாரும் சொல்லாமலே அதற்காக என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ரீல்ஸ் பார்த்தது கணக்கில் சேராது. அந்த வரி எழுத வராதவற்றை அடித்துவிடுங்கள். அவை பார்க்கப் பிடித்தவை, செய்யப் பிடித்தவை அல்ல. பன்னிரண்டு எழுதினால் ஐந்தாறு தேறுவதே அதிகம்.

2. சலிப்பான பகுதியைப் பாருங்கள் (2, 3-ஆம் வாரம்)

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். எல்லாத் தொழிலுக்கும் வெளியே தெரியும் ஒரு முகமும், நாள் முழுக்கச் செய்யும் ஒரு வேலையும் உண்டு. ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றுவது பார்க்க அழகு. அது சில நிமிட வேலை. மணல் சலிப்பது, கலவை போடுவது, கற்களைத் தொட்டித் தண்ணீரில் இறக்கி ஏற்றுவது, கண்ணாடியைக் கழுவித் துடைப்பது, இவைதான் மீதி நாள். கல்யாணப் புகைப்படக்காரருக்கும் மண்டபத்தில் நிற்பது ஒரு நாள்தான். ஆயிரக்கணக்கான படங்களில் நல்லதைப் பொறுக்கித் திருத்துவது பல நாள்.

ஆகவே பட்டறைக்கோ கடைக்கோ நேரில் போங்கள், முகூர்த்த நாளில் மட்டும் வேண்டாம். "இந்தத் தொழில் நல்லதா அண்ணே?" என்று கேட்டால் அன்றைய மனநிலைதான் பதிலாக வரும். நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள், எந்த மாதம் வேலை இருக்காது, புதிதாகச் சேர்பவர்கள் எதனால் நின்றுவிடுகிறார்கள், முதல் வருஷம் கைக்கு என்ன வரும், இந்த நாலையும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். கல்யாணத்தை நம்பிய தொழிலுக்கு ஆடியும் மார்கழியும் காலி. வெயிலை நம்பிய தொழிலுக்கு ஐப்பசி மழை இடி.

3. மூன்று தவணை (4 முதல் 15-ஆம் வாரம் வரை)

தேறியவற்றில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வாரம் கொடுங்கள். தவணைக்கு 24 மணி நேரம் வரும். முடிவில் இன்னொருவர் கைக்குப் போகிற பொருள் ஒன்று இருக்க வேண்டும். சமையல் என்றால் இருபது பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு, செலவுக் கணக்கோடு. கணினி என்றால் தெருக்கோடிக் கடைக்கு ஒரு சரக்கு இருப்புப் பட்டியல். ஓவியம் என்றால் யாரோ கேட்ட அளவில், கேட்ட தேதிக்குள் ஒரு வேலை.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன, அதாவது தொழில் செய்யப் போன, நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கடைகளில் பையன் பெட்டியடியில், அதாவது கடைநிலைப் பையனாகத்தான் தொடங்குவான். எடுபிடி வேலை, எழுத்து, கணக்கு எல்லாம் பழகிய பிறகே அடுத்தாள் என்ற மேல்நிலை. உங்கள் நாலு வாரமும் பெட்டியடி வேலைதான், முதலாளி வேலை அல்ல.

ஒவ்வொரு தவணையிலும் இரண்டாம் வாரம் எல்லாருக்கும் சலிக்கும். புதுமை போயிருக்கும், கை இன்னும் பழகியிருக்காது. அந்த வாரத்தில் எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள். இரண்டு தவணைகளை ஒன்றாக ஓட்டினாலும் கெடும். ஒன்று சலித்தால் மற்றதற்கு ஓடுவீர்கள், எது சலித்தது என்றே தெரியாமல் போகும். தவணைக் கடனில் கேமரா வாங்குவதும் வேண்டாம். வாங்கிய பொருளுக்காகவே தொழிலைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டி வரும்.

4. குறிப்பேடு

வேலை முடிந்த அன்றே எழுத வேண்டும், மறுநாள் எழுதினால் நினைவு இனிப்பாகிவிடும். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

"செவ்வாய். 2 மணி நேரம். சின்ன வெங்காயம் 3 கிலோ உரித்தேன். முதல் அரை மணி எரிச்சல், பிறகு நேரம் போனது தெரியவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது, அளவு எழுதவில்லை. நாளைக்கும் உரிப்பேனா: உரிப்பேன்."

கடைசி வரிதான் முக்கியம்.

5. ஐந்தொகை (16-ஆம் வாரம்)

ஐந்தொகை என்றால் கணக்கு முடிக்கும்போது போடும் வரவு செலவு நிலை. மூன்று ஆசைக்கும் மூன்று பக்கம். சலிப்பான வேலையைத் தாங்கியது, நாலு வாரத்தில் கை தேறியது, காசு கொடுக்க ஆள் இருப்பது, குடும்ப நிலைக்குப் பொருந்துவது, இந்த நான்குக்கும் ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். முதலாவதில் இரண்டுக்குக் கீழே போனால், மொத்தம் எவ்வளவு வந்தாலும் அது தொழிலாக வேண்டாம், பொழுதுபோக்காக இருக்கட்டும்.

இரண்டு சமமாக வந்தால், எதன் கதவு முதலில் சாத்தும் என்று பாருங்கள். பி.ஆர்க். என்ற கட்டடக் கலைப் படிப்பு ஐந்து வருடம். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும், நுழைவுத் தேர்வும் உண்டு. அதாவது பத்தாம் வகுப்பு முடித்து எந்த குரூப் எடுக்கிறீர்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். ஐடிஐ எலெக்ட்ரீஷியன் இரண்டு வருடம். முடித்தபின் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர வழி உண்டு. சமையலுக்கும் புகைப்படத்துக்கும் நாற்பது வயதிலும் கதவு திறந்தே இருக்கும். சாத்தும் கதவுக்குள் முதலில் போங்கள். வீட்டில் கடன் இருந்தால் மட்டும் இந்த விதி மாறும். அப்போது முதல் வருஷமே காசு வருவது எதுவோ அதுதான்.

6. மற்ற ஆசைகள்

ஒன்று முதல் தொழில், ஒன்று வாரம் 4 மணி நேரப் பக்கத் தொழில். மீதியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, மூன்று வருடம் கழித்து வரும் ஒரு தேதியைப் போடுங்கள். அந்த நாளில் பர்மா, மலாயாக் கடைக்குப் போனவர்களுக்கும் மூன்று வருடம்தான் தவணை. பக்கத் தொழில் முதல் தொழிலோடு ஒட்டினால் இன்னும் நல்லது: எலெக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவருக்குப் பழைய வீடுகள் மேல் ஆசையும் இருந்தால், மர உத்தரத்தையும் சுண்ணாம்புச் சுவரையும் கெடுக்காமல் வயரிங் செய்து தரும் ஆளாகலாம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாகும்போது அப்படி ஒருவரைத் தேடத்தான் செய்வார்கள்.

இனி ஆச்சியோ பெரியப்பாவோ கேட்டால் "யோசிச்சிட்டு இருக்கேன்" என்று சொல்ல வேண்டியதில்லை. "மூணு வருஷம் இது, ஆச்சி. அப்புறம் கணக்குப் பார்ப்பேன்" என்று சொல்லி நோட்டைக் காட்டுங்கள்.