காரில் ஏதோ சத்தம்: எங்கே என்று தேடுமுன் எப்போது என்று கவனியுங்கள்

"வண்டியில ஒரு மாதிரி சத்தம் வருதுங்க." மெக்கானிக்கிடம் நாம் பெரும்பாலும் சொல்வது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஒரே 'டக்', ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது வந்தால் ஒரு கோளாறு, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வந்தால் முற்றிலும் வேறு கோளாறு. சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்பது பல நேரம் ஏமாற்றிவிடும், ஏனென்றால் இரும்பு உடல் முழுக்க அது பரவுகிறது. எப்போது வருகிறது என்பது அவ்வளவாக ஏமாற்றாது.

படி 1: காரைக் காலி செய்யுங்கள்

சிரிக்காதீர்கள். பின்பக்கம் 'லொடலொட' என்று கேட்டு, ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றே நான் இரண்டு நாள் நம்பினேன். கடைசியில் பார்த்தால் டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் ஜாக்கி கழன்று கிடந்தது. கதவுப் பைகள், சீட்டுக்கு அடியில், டேஷ்போர்டு அறை, டிக்கி எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அப்படியே டயர்களையும் ஒரு பார்வை பாருங்கள். பள்ளங்களில் சிக்கிய சிறு கல்கூட 'டிக் டிக்' என்று மிரட்டும். அண்மையில் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், வேறெதையும் தேடும் முன் வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 2: இன்ஜினா, சக்கரமா?

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்து, அழுத்த அழுத்த வேகமானால் இன்ஜினோ அதோடு சுற்றும் பாகமோதான்.

நிற்கும்போது வராமல் ஓடும்போது மட்டும் வந்தால், ஆளில்லாத நேரான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் சில நொடிகள் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். இன்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் அப்படியே தொடர்ந்தால் அது சக்கரப் பக்கத்து ஆசாமி. எந்தக் காரணத்துக்காகவும் ஓடும்போது இன்ஜினை அணைக்காதீர்கள், பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும்.

கொஞ்சம் கணக்கும் உதவும். சாதாரண கார் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு மூன்று தடவை சுற்றும். அந்த வேகத்தில் 'டக்... டக்... டக்' நொடிக்கு மூன்று என்று எண்ண முடிந்தால் குற்றவாளி சக்கரத்தில்தான் இருக்கிறான். இன்ஜினோ சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 800 சுற்று, அதாவது நொடிக்கு 13 சுற்று ஓடும். அங்கிருந்து வரும் தட்டலை விரல்விட்டு எண்ண முடியாது.

படி 3: சத்தத்துக்குப் பெயர் வையுங்கள்

ஒலிக்குறிப்புக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

பிரேக் போடும்போது மட்டும் 'கீச்' என்றால் பேட், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை, தேய்ந்திருக்கலாம். பல பேட்களில் தேய்மானத்தைச் சொல்லவே ஒரு சின்னத் தகடு இருக்கும், அது டிஸ்க்கில் உரசும் குரல்தான் இது. 'கரகர' என்று இரும்போடு இரும்பு அரைத்தால் பேட் முழுக்கத் தீர்ந்துபோனது, ஓட்டாதீர்கள். மழையில் நனைந்து நின்ற வண்டி காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் உரசினால் அது டிஸ்க்கின் மேலோட்டமான துரு, தானே போய்விடும்.

வேகம் கூடக் கூட 'ஊ...ம்' என்று விமானம்போல் ஏறினால், சக்கரம் உராயாமல் சுழல உதவும் வீல் பேரிங்கைச் சந்தேகியுங்கள். இடது வளைவில் எடை வலது சக்கரங்கள்மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். ஆனால் ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயரும் இதே பாட்டைத்தான் பாடும். சாலைப் பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர், மாறாவிட்டால் பேரிங். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டதும் சத்தம் இடம் பெயர்ந்தாலும் டயர்தான்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நகரும்போது 'டக்டக்டக்' என்றால் முன் ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பினாலும் அதற்கு இன்ஜின் விசையைக் கடத்தும் மூட்டு. சக்கரத்துக்கு உள்பக்கம் எட்டிப் பாருங்கள். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். குழியில் இறங்கும்போது மட்டும் 'டொக்' என்றால் சஸ்பென்ஷனில் உள்ள புஷ் (ரப்பர் மெத்தை) அல்லது லிங்க் ராடு (இணைப்புக் கம்பி).

குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் 'கீ...' என்று கத்தி, ஏசி போட்டால் கூடுவது பெல்ட். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் வந்தால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்.

வண்டியை அணைத்த பிறகு வரும் 'டிங்... டிங்' சூடான சைலன்சர் குளிர்ந்து சுருங்கும் ஓசை. அதை விட்டுவிடலாம்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

இன்ஜினிலிருந்து லேசான 'டிக் டிக்' வந்தால் வண்டியை நிறுத்தி, ஆயில் அளவைக் குச்சியை எடுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றிய பிறகே நகருங்கள். ஆயில் விளக்கு எரிந்தாலோ, ஆழமான 'டங் டங்' தட்டல் ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து கனத்தாலோ, ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை இழுத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள். "பக்கத்துலதானே, மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்" என்ற நினைப்புதான் சின்னச் செலவைப் புது இன்ஜின் செலவாக்கும்.

பானெட்டைத் திறந்து கேட்பதானால் துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை, முடி எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. இன்ஜின் அணைந்திருந்தாலும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றக்கூடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டவே நீட்டாதீர்கள்.

படி 4: எழுதிக்கொண்டு போங்கள்

இப்படி ஒரு வரி போதும்: "40-க்கு மேல் ஊ... என்று வருகிறது, நியூட்ரலிலும் நிற்கவில்லை, இடது வளைவில் கூடுகிறது, பத்து நாளாக இருக்கிறது." மொபைலில் பதிவு செய்தால் இன்னும் நல்லது. முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று போய்ச் சத்தத்தை வரவழைத்துக் காட்டுங்கள். ஒர்க்‌ஷாப் வாசலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்ளும் சத்தங்கள் நிறைய உண்டு.