தேன்மதுவை முதன்முறையாகப் போட்டிக்கு அனுப்புவோருக்கு

மீட் எனப்படும் தேன்மதுவை வீட்டில் தயாரித்து, அதை முதன்முறையாகப் போட்டிக்கு அனுப்ப எண்ணுபவர்கள் பெரும்பாலும் பானத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அதனுடன் போகும் நுழைவுப் படிவத்தைக் கடைசி நாளில் அவசரமாக நிரப்புகிறார்கள். தோற்றுப்போகும் நல்ல தேன்மதுக்களில் பல அந்தப் படிவத்திலேயே தோற்றுவிடுகின்றன என்பது என் எண்ணம். நடுவரின் முன்னால் இருப்பவை இரண்டே: தயாரித்தவர் யாரென்று தெரியாத ஒரு கோப்பை, அதில் இருப்பது இன்னதென்று சொல்லும் ஒரு சீட்டு. சீட்டில் சொன்னது கோப்பையில் இருக்கிறதா என்றும் பார்த்தே அவர் மதிப்பெண் இடுகிறார்.

ஆகவே, நீங்கள் நுழையும் போட்டி எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் அறிந்து, அந்த ஆவணத்தை முழுவதும் படித்துவிட வேண்டும். பல போட்டிகள், 1985-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பிஜேசிபி என்ற நடுவர் அமைப்பின் வழிகாட்டியைப் பயன்படுத்துகின்றன. அதன்படி, தேனின் சுவை மட்டுமே முன்னிற்பது மரபு வகை; பழம் சேர்ந்தது, நறுமணப் பொருள் சேர்ந்தது, மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) போன்றவை சேர்ந்த சிறப்பு வகை எனப் பிற வகைகள் தனித்தனியே உள்ளன. எந்த வகையானாலும் மூன்று செய்திகளை நீங்கள் அறிவித்தாக வேண்டும். முதலாவது இனிப்பு: இனிப்பற்றது, நடுத்தர இனிப்பு, இனிப்பு. இரண்டாவது நுரைப்பு: நுரைக்காதது, இலேசாக நுரைப்பது, நன்கு நுரைப்பது. மூன்றாவது வலிமை: ஆல்கஹால் ஏறத்தாழ 3.5 முதல் 7.5 விழுக்காடு வரை இருந்தால் ஹைட்ரோமெல், 14 வரை இயல்பு, 14 முதல் 18 வரை சாக்.

இம்மூன்றில் புதியவர்கள் அதிகம் தவறுவது இனிப்பில்தான். நொதித்தல் முடிந்தபின், நீரோடு ஒப்பிட்டுப் பானத்தின் அடர்த்தியை அளக்கும் கருவியான ஹைட்ரோமீட்டர் 1.010-க்குக் கீழே காட்டினால் இனிப்பற்றது, 1.025-க்கு மேல் காட்டினால் இனிப்பு, இடைப்பட்டது நடுத்தரம் என்று வழிகாட்டி எண்களைத் தந்தாலும், நாக்கு அந்த எண்ணை அறியாது. புளிப்பும் துவர்ப்பும் நுரைப்பும் மிகுந்த ஒரு தேன்மது 1.014 காட்டினாலும் வாயில் இனிப்பற்றதாகவே படலாம். புளிப்புக் குறைந்த மற்றொன்று 1.008-லேயே இனிக்கலாம். கருவியின் எண்ணை ஒரு தொடக்கமாக மட்டும் கொண்டு, பானத்தைச் சுவைத்துப் பார்த்து, முடிந்தால் அந்த எண்ணை அறியாத இருவரிடம் கொடுத்துக் கேட்டு, பிறகே படிவத்தில் குறியுங்கள். நடுவர்கள் பொதுவாக இனிப்பற்றதிலிருந்து இனிப்புக்கும், வலிமை குறைந்ததிலிருந்து மிகுந்ததற்கும் வரிசையாகச் சுவைத்துச் செல்வதால், தவறாக அறிவிக்கப்பட்ட பானம் தனக்கு ஒவ்வாத பானங்களின் நடுவே போய் அமர்ந்து, இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

தேனின் வகையை எழுதுவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஆரஞ்சுப் பூத் தேன் என்று எழுதிவிட்டால், நடுவர் அந்தப் பூவின் மணத்தைத் தேடுவார். அது கிடைக்காதபோது, வகை குறிப்பிடாமலே அனுப்பியிருந்தால் கழியாத மதிப்பெண்கள் கழியும். உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய தேனைப் பெயர் சொல்லாமல் அனுப்ப மனம் வராது என்பது உண்மைதான். ஆனால் விலை கோப்பையில் தெரிவதில்லை. கிராம்பையும் பட்டையையும் சேர்த்து, பட்டை மட்டுமே மணக்கிறது என்றால், பட்டையை முன்வைத்து விவரத்தை எழுதுங்கள். ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய பொருள் எதுவாயினும், அது சுவையில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், நடுவர்களின் உடல்நலம் கருதித் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

எந்தத் தயாரிப்பை அனுப்புவது என்பதற்கு நடுவரின் மதிப்பெண் தாளே வழிகாட்டும். பிஜேசிபி தாளில் மொத்தம் 50 மதிப்பெண்கள்: மணத்துக்கு 10, தோற்றத்துக்கு 6, சுவைக்கு 24, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10. தோற்றத்துக்கு 6 மட்டுமே என்று அதைப் புறக்கணிக்க வேண்டாம். கலங்கிய பானம் நடுவரைக் குறை தேடும் மனநிலைக்குக் கொண்டுபோய்விடும். தெளிந்த மதுவைத் தேறல் என்று அழைத்த மொழி நம்முடையது. தெளிவின் அருமையைத் தமிழருக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை. தொண்டையைச் சுடும் கடுமை இருந்தால், அந்தத் தயாரிப்பை இந்த ஆண்டு அனுப்பாதீர்கள். தேனில் ஈஸ்டுக்குத் தேவையான நைட்ரஜன் மிகக் குறைவாதலால், ஊட்டச்சத்துச் சேர்க்காமலோ அதிக வெப்பத்திலோ நொதித்த பானத்தில் இக்கடுமை வருவது இயல்பு. மாதக்கணக்கில் முதிரவிட்டால் அது ஓரளவு தணியும். கடைசி வாரத்தில் எதைக் கலந்தும் அதை மறைக்க இயலாது.

இனிப்பு மீந்திருக்கும் பானத்தைப் புட்டியில் அடைக்கும்முன் அது நிலைப்பட்டிருப்பதை உறுதிசெய்வது, பரிசைவிட முக்கியமானது. உயிருள்ள ஈஸ்ட் எஞ்சியிருந்தால் புட்டிக்குள் மீண்டும் நொதித்தல் தொடங்கி, நுரைக்காதது என்று அறிவித்த பானம் பொங்கி வழியும். அழுத்தம் மிகுந்தால் கண்ணாடியே வெடித்து, கையாளுபவரைக் காயப்படுத்தும். பானம் நன்கு தெளிந்து வண்டலிலிருந்து பிரிக்கப்பட்டபின், பொட்டாசியம் சோர்பேட்டையும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டையும் சேர்த்தே இடுவது வழக்கம். சோர்பேட் ஈஸ்டைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் முதலில் தெளிய வேண்டும் என்கிறோம். மெட்டாபைசல்பைட் இல்லாமல் சோர்பேட்டை மட்டும் இட்டால், பாக்டீரியா அதைச் சிதைத்து ஜெரேனியம் இலையின் நாற்றத்தை உண்டாக்கக்கூடும். பின்பு ஓரிரு வாரம் காத்திருந்து, அடர்த்தி மாறவில்லை என்று கண்டபின் அடையுங்கள்.

புட்டிகளின் அளவு, நிறம், எண்ணிக்கை ஆகியவற்றை ஒவ்வொரு போட்டியும் தன் விதிகளில் கூறும். அடையாளம் காட்டும் எழுத்தோ சின்னமோ புட்டியிலும் மூடியிலும் இருக்கக்கூடாது. சீட்டை ஒட்டாமல் ரப்பர் வளையத்தால் கட்டச் சொல்வது பொதுவான விதி. நிரப்பும்போது அடிவரை எட்டும் குழாயைக் கொண்டு மெதுவாக நிரப்பி, மேலே காற்றுக்கு அதிக இடம் விடாதீர்கள். ஆக்சிஜன் பட்ட பானம் நனைந்த அட்டையின் வாடையைப் பெறும்.

மதுவை அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்பச் சட்டமும் அந்த நிறுவனமும் இடம் தருகின்றனவா என்பதை முன்கூட்டியே கேட்டறியுங்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வழியிருந்தால் அதுவே மேல். அனுப்புவதாயின் ஒவ்வொரு புட்டியையும் தனித்தனியே குமிழித் தாளில் சுற்றி, நெகிழிப் பையிட்ட பெட்டியில் அசையாதபடி அடுக்கி, தெளிய நேரம் கிடைக்குமாறு சில நாள் முன்பே போய்ச் சேரும்படி அனுப்புங்கள்.

அதே தயாரிப்பில் ஒரு புட்டியை வீட்டில் வைத்திருங்கள். மதிப்பெண் தாள்கள் வந்ததும் அதைத் திறந்து, நடுவர்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் ஒரு மிடறோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 30 முதல் 37 வரை என்பது மிக நன்று என்ற தரம். முதல் முயற்சிக்கு அது வருத்தப்பட வேண்டிய எண் அல்ல. இருவர் வேறுபட்டு எழுதியிருந்தால், இருவரும் ஒத்துச் சொன்ன குறையை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்குரிய மாற்றத்தை அடுத்த தயாரிப்பின் குறிப்பேட்டில் அன்றே எழுதிவையுங்கள்.