நௌசிகாவைப் படத்தோடு விட்டுவிடாதீர்கள்

ஜப்பானிய ஃபேன்டஸி பக்கம் புதிதாக வருகிறவர்கள் "எதைப் பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். "எந்தப் பதிப்பை?" என்று கேட்பவர் குறைவு. காசும் நேரமும் வீணாவது அங்கேதான்.

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் நௌசிகாவையே எடுத்துக்கொள்வோம். 1984-இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, கதை அவ்வளவுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 1982-இலேயே அவர் இதை அனிமேஜ் என்ற ஜப்பானிய இதழில் மங்காவாக, அதாவது படக்கதையாக, வரைய ஆரம்பித்துவிட்டார். நடுநடுவே நிறுத்தி, 1994-இல்தான் முடித்தார். மொத்தம் ஏழு தொகுதிகள். படத்தில் வருவது ஏறக்குறைய முதல் இரண்டு தொகுதிகளின் கதை, அதுவும் நிறைய மாற்றங்களோடு. கதையில் வரும் நச்சுக் காட்டைப் பற்றிப் படம் பார்த்து நாம் நம்பிக்கொண்டிருந்ததை மீதித் தொகுதிகள் புரட்டிப் போட்டுவிடும். எப்படி என்று இங்கே சொல்ல மாட்டேன்.

சரி, மங்காவை வாங்கலாம் என்று பழைய புத்தகங்களைத் தேடினால் அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. மங்காக்களை ஆங்கிலத்தில் வெளியிடும் விஸ் நிறுவனத்தின் ஆரம்பகால ஆங்கிலப் பதிப்புகளில் ஓவியங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டு, இடமிருந்து வலமாகப் படிக்கும்படி அச்சிட்டார்கள். வலது கையில் வாள் பிடித்தவர் இடது கைக்காரர் ஆகிவிடுவார்! அதில் ஒரு தொகுப்பு நான்கே தொகுதிகளாக வந்தது. 2004-இல் தொடங்கிய மறுபதிப்போ ஏழு தொகுதி, ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடம். அதில் ஒன்று, இதில் ஒன்று என்று கலந்து வாங்கினால் தொகுதி எண்கள் ஒத்துவராது. படித்த பக்கங்களையே மறுபடி படிப்பீர்கள். 2012-இல் வந்த இரண்டு பெரிய கெட்டி அட்டைப் புத்தகங்களில் முழுக்கதையும் அடக்கம். கை வலிக்கும், ஆனால் குழப்பம் இல்லை.

படத்திலும் இதே கவனம் வேண்டும். அமெரிக்காவில் 1985-இல் 'வாரியர்ஸ் ஆஃப் த விண்ட்' என்ற பெயரில் வந்தது, சுமார் 22 நிமிடம் வெட்டப்பட்ட வடிவம். நாயகியின் பெயரே ஸாண்ட்ரா! எங்காவது இது கண்ணில் பட்டால் கடந்துவிடுங்கள். வெட்டில்லாத ஆங்கில டப்பிங் டிஸ்னி மூலம் 2005-இல் வந்தது.

'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' மங்காவிலிருந்து இரண்டு அனிமேஷன் தொடர்கள் வந்தன; இதில் தவறு வேறு மாதிரி. 2003-இன் 51 எபிசோடுகள் மங்கா முடியும் முன்பே எடுக்கப்பட்டவை, அதனால் பாதியிலிருந்து தனிக் கதை. 2009-இன் 'பிரதர்ஹுட்', 64 எபிசோடுகள், மங்காவை ஒட்டியே போகிறது. முதல் தொடரைப் பாதி பார்த்துவிட்டு இரண்டாவதுக்குத் தாவாதீர்கள். ஒன்றுதான் பார்ப்பேன் என்றால் 'பிரதர்ஹுட்'. ஆனாலும் தொடக்கக் கதைகளை அது கொஞ்சம் அவசரமாகத் தாண்டுகிறது. அந்த இடங்களில் பழைய தொடர்தான் எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் சப்டைட்டில். ஜப்பானிய ஒலியை வைத்துக்கொண்டு, ஆங்கில டப்பிங்குக்காக எழுதிய வரிகளை ஓடவிட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. பாத்திரம் வாயே திறக்காத இடத்தில் கீழே வசனம் ஓடினால் சந்தேகப்படுங்கள். ஜப்பானிய வசனத்தின் நேர் மொழிபெயர்ப்பு வேறொரு தேர்வாக இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள். இந்த வித்தியாசம் கதையையே மாற்றக்கூடியது. 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' படத்தின் 1998 டிஸ்னி டப்பிங்கில் பூனை ஜிஜிக்கு ஏராளமான கூடுதல் வசனம். கடைசியில் தன் பேச்சு காதில் விழுகிறதா என்று நாயகி கிகியிடம் அந்தப் பூனை கேட்கவும் செய்கிறது. ஜப்பானிய மூலத்தில் ஜிஜி அவள் தோளில் ஏறி, "மியாவ்" என்று மட்டும் சொல்கிறது.