சொகுசுக் கார்களை வைத்து உடை வரைகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஃபேஷன் டிசைன் படிக்கிறவர்களிடம் சொகுசுக் கார் என்று தீம் கொடுத்தால் முதலில் வருவது பெரும்பாலும் ஒரே ஸ்கெட்ச்தான். நெஞ்சில் கிரில், தோள்களில் ஹெட்லைட், பெல்ட்டில் கம்பெனியின் எம்பளம். எந்தக் கார் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். அப்புறம் அந்த உடையில் பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது.

பிரெஞ்சு டிசைனர் தியரி முக்லர் இதைச் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தார். 1989-90 குளிர்காலத் தொகுப்பில் ஐம்பதுகளின் அமெரிக்கக் கார் முகப்புகளைப் பெண்களின் மார்க்கவசமாக்கினார். 1992 கோடைத் தொகுப்பில் ஹேண்டில்பாரும் கண்ணாடிகளும் நீட்டிக்கொண்டு நிற்கும் மோட்டார் சைக்கிள் மேலுடை வந்தது. பிரமாதமான வேலைதான், ஆனால் மேடைக்காகச் செய்தது. போட்டவர் நடந்துபோய்த் திரும்பி வந்தால் போதும். உங்களிடம் வாங்குகிறவர் சாப்பிட உட்காருவார், குனிந்து காரில் ஏறுவார். பலென்சியாகா ஃபேஷன் நிறுவனம் 2017இல் காரின் பக்கக் கண்ணாடி வடிவில் கைப்பையும், கால்மிதி மேட்டைப் போன்ற பாவாடையும் கொண்டுவந்தது. கேலி என்று தெரிந்தே செய்ததால் அது எடுபட்டது. அதே காரியத்தை முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு செய்தால் மாறுவேடப் போட்டியில்தான் போய் முடியும்.

என் கணக்கில் இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. காரின் ஒரு கோட்டை எடுத்துக்கொள்வார்கள், அந்தக் கோடு ஏன் வந்தது என்று கேட்க மாட்டார்கள். 1930களின் சொகுசுக் காரான புகாட்டி டைப் 57 எஸ்.சி. அட்லான்டிக்கைப் பாருங்கள். முன்னிருந்து பின்வரை நடுவே ஒரு துடுப்பும் அதில் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசையும் ஓடும். 1935இல் காட்டிய ஏரோலித் என்ற மாதிரிக் காருக்கு எலெக்ட்ரான் எனும் மக்னீசியக் கலவையில் பாடி திட்டமிட்டார்கள். மக்னீசியம் எளிதில் தீப்பிடிக்கும், வெல்டிங் வைக்க முடியாது. அதனால் தகடுகளின் ஓரத்தை வெளிப்பக்கம் நிமிர்த்தி ரிவெட் அடித்தார்கள். பிறகு வந்த அட்லான்டிக் கார்கள் அலுமினியம். துடுப்புக்குத் தேவையே இல்லை, இருந்தும் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவு அழகாக அமைந்துவிட்டது.

இதை உடைக்குக் கொண்டுவருகிறவர் ஜாக்கெட் முதுகில் உலோகக் குமிழ்களை வரிசையாகப் பதித்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார். அங்கே இருந்த விஷயமோ இரண்டு பாகங்கள் சேரும் இடத்தை மறைக்காமல் காட்டியது. முதுகின் நடுத்தையலில் இரண்டு பக்கத் துணி ஓரத்தையும் வெளியே எடுத்து நிறுத்திப் பாருங்கள். உள்ளே முதுகு சுத்தமாக இருக்கும், இடுப்புக்கு வேண்டிய வளைவையும் அதே தையலில் வாங்கிக்கொள்ளலாம். குமிழே தேவைப்படாது. காரின் பக்கவாட்டில் ஓடும் மடிப்புக் கோடும் இப்படித்தான். தகட்டுக்கு அது விறைப்பு தருகிறது, வெளிச்சத்தை இரண்டாகப் பிரிக்கிறது. உடையில் அந்த இடத்துக்கு நம்மூர் டெய்லர் தினமும் வெட்டும் பிரின்சஸ் கட் (மார்பு வழியாக இடுப்புக்கு இறங்கும் நீளத் தையல்) ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் தையலையே காரின் கோடாக வளைத்து வெட்டலாம். அதை விட்டுவிட்டு டார்ட்டை (உடல் வளைவுக்காகத் துணியைக் கிள்ளித் தைக்கும் மடிப்பு) ஓரிடத்தில் பிடித்து, கார்க் கோட்டைப் பைப்பிங்காக (கயிறு போன்ற ஓரப்பட்டி) இன்னோரிடத்தில் ஓட்டினால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும். தாளில் இது தெரியாது. காடா துணியில் ஒரு மாதிரி தைத்து, போட்டவரை உட்காரவும் கையைத் தூக்கவும் சொன்னால் உடனே தெரியும்.

அடுத்தது பளபளப்பு. காரின் பெயின்ட் அசையாத தகட்டின் மேல் இருக்கிறது, அதனால்தான் வெளிச்சம் அதில் ஒரே ஓட்டமாக வழுக்கிப் போகிறது. அதே மினுக்கை உடை முழுக்கப் பேட்டன்ட் லெதரிலோ ரெக்ஸினிலோ கொண்டுவந்தால் அக்குளிலும் முழங்கையிலும் சுருங்கி, நாளடைவில் வெடிக்கும். வெயில் காலத்தில் மடித்து வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். காலர், தோள், பையின் மூடி என்று இழுத்துப் பிடித்தபடி நிற்கும் இடங்களுக்கு மட்டும் மினுக்கைக் கொடுங்கள். கார்பன் ஃபைபர் டிசைனைப் பிரின்ட் அடிப்பது இன்னும் மோசம், மலிவான செல்போன் கவர் மாதிரி இருக்கும். அது அடிப்படையில் ட்வில், அதாவது சாய்கோடு தெரியும் நெசவு, ஆழம் தெரிவது மேலே ஊற்றிய ரெசின் என்ற பிசினால். உங்களுக்கு வேண்டியது அந்தத் தோற்றம் என்றால் மங்கலும் மினுக்குமான இரண்டு கறுப்பு நூலில் நிஜ ட்வில்லாகவே நெய்துவிடலாமே!

தோல் விஷயத்தில் காசு நிறையப் போகும். கார் சீட்டுக்கான தோல் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன், மேலே உராய்வைத் தாங்கும் கெட்டியான பூச்சு. உடைக்கு 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரைதான் சுகம். ‘ஒரிஜினல் கார் லெதர்’ என்று பெருமையாக வாங்கித் தைத்த ஜாக்கெட் ஆளை விட்டுத் தனியாக நிற்கும். கைப்பைக்கும் பெல்ட்டுக்கும் அது சரி. பென்ட்லி சீட்டில் வரும் வைரக்கட்டத் தையல் வேண்டுமென்றால் முதலில் தைத்து, அப்புறம் பேட்டர்ன் வைத்து வெட்டுங்கள். உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும்போது துண்டு சுருங்கும். வெட்டிவிட்டுத் தைத்தால் கைக்குழி பொருந்தாது. தையல் ரொம்ப நெருக்கமாகவும் போகக் கூடாது, ஊசித் துளை தோலில் அப்படியே நிற்கும், அந்த வரியிலேயே கிழியும்.

உலோகம் பற்றிச் சுருக்கமாக: உடம்புத் தோலில் படும் பக்கிளில் நிக்கல் கசிந்தால் அரிப்பு வரும், ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஏற்றுமதி எண்ணம் இருந்தால் சப்ளையரிடம் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள்.

காரின் வெளித்தோற்றத்தையே சுற்றிச் சுற்றி வருவதும் ஒரு குறைதான். அமெரிக்க டிசைனர் ரால்ஃப் லாரன் தன்னிடமுள்ள 1938 அட்லான்டிக்கின் டேஷ்போர்டு மரத்தை மாதிரியாக வைத்து வாட்ச் செய்தார். 1963இல் இத்தாலியில் தொடங்கிய ‘கார் ஷூ’ என்ற நிறுவனம், ஓட்டுநரின் கால் பெடலில் வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் குமிழ் வைத்த மொக்காசின் என்ற மெல்லிய தோல் ஷூவைக் கொண்டுவந்தது. அந்தக் குமிழ்களைத் தடித்த சோலில் அலங்காரமாக ஒட்டி விற்பதையும் பார்க்கலாம். பெடலைக் காலால் உணரவே முடியாத செருப்புக்கு அது எதற்கு?

கடைசியாகச் சட்டம். ரோல்ஸ் ராய்ஸின் பறக்கும் பெண் சிலை, ஃபெராரியின் குதிரை எல்லாம் பதிவுசெய்த முத்திரைகள். ‘சும்மா இன்ஸ்பிரேஷன்தான்’ என்பது அங்கே எடுபடாது. ஃபெராரி 2021 ஜூனில் மரனெல்லோ தொழிற்சாலையிலேயே தன் உடைகளின் ஷோவை நடத்தியது, அதாவது உடையும் இப்போது அவர்கள் வியாபாரம். அதற்கு முன்பே, 2019இல், டிசைனர் ஃபிலிப் ப்ளைன் தன் சொந்த ஃபெராரியின் மேல் தன் ஷூக்களை வைத்துப் படம் போட்டதற்கே அவர்கள் சண்டைக்கு வந்தார்கள், இத்தாலிய நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. யோசனைக்காகப் படங்களை ஒட்டிவைக்கும் மூட் போர்டில் எந்தக் கார் வேண்டுமானாலும் இருக்கட்டும். விற்கும் பொருளின் பெயரிலோ டேகிலோ விளம்பரப் படத்திலோ அது வருமென்றால், தைக்கக் கொடுக்கும் முன்பே ஒரு டிரேட்மார்க் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.