வேலை எங்கே, வீடு எங்கே: ஒரு விரிதாளில் போட்டுப் பார்க்கும் கணக்கு

மூன்று வருடத்துக்கு முன்னால் என் கையில் இரண்டு வேலைக் கடிதங்கள் இருந்தன. ஒன்று பெரிய நகரத்தில். சம்பளமும் அதிகம், வாடகையும் அதிகம். மற்றது நடுத்தர ஊரில். சம்பளம் கொஞ்சம் கம்மி, வாடகை பாதிக்கும் கீழே. யாரைக் கேட்டாலும் தான் இருக்கும் ஊரையே சிபாரிசு செய்தார்கள். நான் பெரிய நகரத்துக்குப் போனேன். எட்டு மாதம் தப்பான வீட்டில் இருந்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. படிப்படியாகக் கீழே தருகிறேன்.

சம்பளத்தில் வரி, பிடித்தம் எல்லாம் போய்க் கையில் எவ்வளவு வரும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பணத்தின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். அதனால் பெரிய நகரத்தில் கையில் வரும் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்து, மற்ற எல்லாத் தொகையையும் அந்த அளவிலேயே எழுதுகிறேன்.

தேவையானவை

ஒரு விரிதாள். நான் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்துகிறேன், கூகுள் ஷீட்ஸும் சரிதான். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தவிர வேறு சூத்திரம் எதுவும் வேண்டாம். ஊருக்கு ஊர் வாழ்க்கைச் செலவை ஒப்பிட்டுக் காட்டும் இணையக் கணிப்பான்களை நான் மூடிவைத்துவிட்டேன். அவை சராசரி வாடகையைச் சொல்லும். சராசரி வீட்டில் யாரும் குடியிருப்பதில்லை.

'வானிலைக்கு 7, சம்பளத்துக்கு 9' என்று மதிப்பெண் போடும் அட்டவணையும் வேண்டாம். நான் போட்டேன். மனசு ஏற்கெனவே முடிவு பண்ணிய ஊர் ஜெயிக்கும்வரை எண்களை மாற்றிக்கொண்டே இருந்தேன். எடைபோட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி இதே மாதிரி ஒரு வேலைக்காக இடம் மாறலாமா என்று 1772-இல் திண்டாடிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க விஞ்ஞானியும் அரசியல்வாதியுமான பெஞ்சமின் பிராங்ளின் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் சாதகம், ஒரு பக்கம் பாதகம் என்று மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுதிக்கொண்டே வா. அப்புறம் இரு பக்கமும் சம எடையாக இருப்பவற்றை அடித்துக்கொண்டே போ என்றார். முறையைச் சொன்னாரே தவிர, எது நல்லது என்று சொல்லவில்லை. பிரீஸ்ட்லி அடுத்த வருடம் அந்த வேலையை ஏற்று இடம் மாறினார். அந்த மூன்று நான்கு நாள்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரே ராத்திரியில் இதை முடிக்காதீர்கள்.

படி 1: ஊரை எழுதாதீர்கள், வீட்டை எழுதுங்கள்

விரிதாளில் மேலிருந்து கீழே ஓடும் ஒவ்வொரு நிரலும் ஒரு வீடு. ஊர் பெயரைத் தலைப்பாகப் போட்டால் கணக்கு மங்கிவிடும். இன்று காலியாக இருக்கும், நீங்கள் நிஜமாகவே குடியேறக்கூடிய ஒரு வீட்டின் வாடகையைப் போடுங்கள். வாடகையோடு பராமரிப்புக் கட்டணம், வாகனம் நிறுத்தக் கொடுப்பது எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் வாடகைதான். அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே இருப்பவர் என்ன கொடுக்கிறார் என்று ஒருவரிடமாவது கேளுங்கள்.

படி 2: மிச்சம்

கையில் வரும் சம்பளத்திலிருந்து வாடகை, பயணச் செலவு, மற்றச் செலவு மூன்றையும் கழியுங்கள். எனக்கு வந்தது இது:

பெரிய நகரம், முதல் வீடு: 100 − 38 − 7 − 35 = 20
நடுத்தர ஊர்: 78 − 18 − 3 − 31 = 26

22 அலகு குறைவாகச் சம்பாதித்தாலும் நடுத்தர ஊரில் கையில் நிற்பது 6 அலகு அதிகம். இதைப் பார்த்ததும் பாதிப் பேர் இங்கேயே முடிவெடுத்துவிடுவார்கள். பொறுங்கள்.

வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி எல்லோர் வாயிலும் வரும். அது அமெரிக்காவில் அரசு வீடுகளுக்காக வந்தது. அங்கே குடியிருப்போரிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று 1969-இல் சட்டத்திருத்தம் வந்தது, 1981-இல் அது 30 ஆனது. அரசு எவ்வளவு வாங்கலாம் என்பதற்கான வரம்பு அது. நீங்கள் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு அதை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? சம்பளம் பெரிதென்றால் 40 சதவீதம் கொடுத்தும் நிம்மதியாக இருக்கலாம். சிறிதென்றால் 25-ம் கழுத்தைப் பிடிக்கும். சதவீதத்தை விடுங்கள், மிச்சத்தைப் பாருங்கள்.

படி 3: பயண நேரம் (நான் சறுக்கிய இடம்)

வீடு பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அலுவலகத்திலிருந்து வீட்டு வாசல்வரை வண்டியில் வந்தேன், 35 நிமிடம். விரிதாளில் 35 என்று எழுதிக்கொண்டேன். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று.

முதல் செவ்வாய்க்கிழமை காலை 8.10-க்குக் கதவைப் பூட்டினேன். தெருமுனைச் சிக்னலில் பச்சை விழுந்து, மறுபடி சிவப்பு விழுந்து, மூன்றாவது பச்சையில்தான் தாண்ட முடிந்தது. எனக்கு முன்னால் நின்ற வேன்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுச் செய்தித்தாள் விரித்தார். அவருக்கு இது பழக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது. இருக்கையில் போய் உட்கார்ந்தபோது மணி 9.25. ஒரு வழிக்கு 75 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம்.

ஆகவே, கையெழுத்துப் போடுவதற்கு முன் வேலை நாளில், வேலை நேரத்தில், நீங்கள் தினமும் போகப்போகும் அதே வாகனத்தில் ஒரு தடவை போய் வாருங்கள். முடியாவிட்டால் வரைபடச் செயலியில் 'இத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்' என்ற தேர்வில் செவ்வாய் அல்லது புதன் காலையைக் கொடுங்கள். அது காட்டும் வரம்பில் பெரிய எண்ணை எடுங்கள். மாலைக்கும் தனியாகப் பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. கதவைப் பூட்டுவதில் தொடங்கி இருக்கையில் உட்காரும்வரை எண்ணுங்கள். மின்தூக்கிக்குக் காத்திருப்பதும் அதில் சேரும்.

இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: வாகனம் எவ்வளவு வேகமானாலும், மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று. எனக்கு அது ஏறக்குறையப் பொருந்துகிறது. ஒன்றரை மணி நேரம்வரை பாட்டுக் கேட்டுக்கொண்டு தாக்குப்பிடித்தேன். அதைத் தாண்டினால் வீட்டுக்கு வந்ததும் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

இப்போது விரிதாளில் ஒரு வரி சேருங்கள். வேலை நேரத்தோடு போய்வரும் நேரத்தைக் கூட்டி, மாத வேலை நாளால் பெருக்குங்கள். வாடகையும் பயணச் செலவும் போன சம்பளத்தை அந்த மணி நேரத்தால் வகுங்கள். எனக்கு நாளுக்கு 9 மணி வேலை, மாதம் 22 நாள். பெரிய நகரம்: 55 வகுத்தல் 253 மணி, அதாவது மணிக்கு 0.22. நடுத்தர ஊரில் போய்வர மொத்தம் ஒரு மணி நேரம். 57 வகுத்தல் 220 மணி, 0.26.

நடுத்தர ஊர் இரண்டாவது தடவையும் ஜெயிக்கிறது.

படி 4: அடுத்த வேலை எத்தனை?

இந்த வேலை போனால் என்ன ஆகும்? வீடு மாறாமல், உங்கள் கதவிலிருந்து 60 நிமிடத்துக்குள் போகக்கூடிய தூரத்தில் உங்களை வேலைக்கு எடுக்கக்கூடிய நிறுவனங்கள் எத்தனை? இந்த எண்ணைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

வேலைவாய்ப்புத் தளத்தில் 'இத்தனை முடிவுகள்' என்று மேலே காட்டுவதை அப்படியே எடுக்காதீர்கள். ஒரே வேலையை நாலைந்து ஏஜென்சிகள் வேறு வேறு தலைப்பில் போட்டிருக்கும். சில விளம்பரங்கள் மாதக்கணக்காக அங்கேயே கிடக்கும். விளம்பரத்தை விட்டுவிட்டு நிறுவனங்களை எண்ணுங்கள். ஒரு விளம்பரத்தைத் திறந்து, அதில் கேட்டிருப்பதில் முக்கால்வாசி என்னிடம் இருந்தால்தான் ஒரு கோடு போட்டேன். பெரிய நகரத்துக்குத் தளம் காட்டியது 300-க்கு மேல். கோடு விழுந்தது 41 நிறுவனத்துக்கு. நடுத்தர ஊரில் 3. அந்த மூன்றில் ஒன்று, எனக்கு வேலை கொடுப்பதாகச் சொன்ன அதே நிறுவனம்.

மூன்றே நிறுவனம் இருக்கும் ஊரில் வேலை போவது மட்டும் பிரச்சினை இல்லை. சம்பள உயர்வு கேட்கப் போகும்போது, நீங்கள் வேறெங்கும் போக முடியாது என்பது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்.

படி 5: எத்தனை மாதத்தில் பயம் போகும்?

மிச்சத்தையும் வேலை எண்ணிக்கையையும் ஒரே தராசில் வைக்க நான் கண்டுபிடித்த வழி இது. வேலை போனால் அடுத்தது கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று உத்தேசியுங்கள். பெரிய நகரத்துக்கு 3, நடுத்தர ஊருக்கு 9 என்று நான் வைத்தேன். துறையில் இருப்பவர்களிடம் கேட்டுத்தான் வைத்தேன், ஆனாலும் ஊகம்தான். அந்த மாதங்களுக்கான வாடகையும் மற்றச் செலவும் உங்களுக்குச் சேமிப்பாக வேண்டும். அதை மாத மிச்சத்தால் வகுங்கள்.

பெரிய நகரம்: 73 பெருக்கல் 3 = 219. வகுத்தல் 20 = 11 மாதம்.
நடுத்தர ஊர்: 49 பெருக்கல் 9 = 441. வகுத்தல் 26 = 17 மாதம்.

முதல் இரண்டு சுற்றில் ஜெயித்த ஊர் இங்கே தோற்கிறது. குழம்பிப்போய் இரண்டு நாள் விரிதாளை மூடிவைத்தேன். அப்புறம்தான் படி 1 ஞாபகம் வந்தது. பெரிய நகரத்துக்கு நான் ஒரே ஒரு நிரல்தான் போட்டிருந்தேன்!

மூன்றாவது நிரல்: அதே வேலை, அதே நகரம், வேறு வீடு. ரயில் பாதையை ஒட்டிய பழைய கட்டடம், ஒரு அறை குறைவு, வாடகை 27. பயணச் செலவு 6, போய்வர ஒரு மணி 40 நிமிடம். மிச்சம் 32. மணிக்கணக்கு 0.29. ரயிலில் போகக்கூடிய நிறுவனங்கள் 34. சேமிப்பு 62 பெருக்கல் 3 = 186, வகுத்தல் 32, ஆறு மாதத்துக்குள். எட்டு மாதம் நான் தேடியது இரண்டு ஊர்களுக்கு நடுவில் ஒரு விடை. அது ஒரே ஊரில் இரண்டு வீடுகளுக்கு நடுவில் இருந்தது. புத்தக அலமாரியை மட்டும் விற்க வேண்டியிருந்தது.

படி 6: வெளியே வர என்ன ஆகும்

ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலம், முன்பணம் திரும்ப வரும் நிபந்தனை, ஆண்டுக்கு வாடகை எவ்வளவு ஏறும் என்ற மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். புது ஊரில் முதல் வருடமே வீடு வாங்காதீர்கள். இதில் நான் யாரோடும் விவாதிக்கத் தயாராக இல்லை.

பின்சேர்க்கை 1

வீட்டிலிருந்தே வேலை என்றால் படி 3 வேண்டாமே என்று இரண்டு பேர் கருத்துப்பெட்டியில் கேட்டிருந்தார்கள். அந்த ஏற்பாடு உங்கள் நியமனக் கடிதத்தில் எழுத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சா என்று பாருங்கள். வாய்ப்பேச்சு என்றால் வாரம் மூன்று நாள் அலுவலகம் போவதாக இன்னொரு நிரல் போட்டு, அதிலும் மிச்சம் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 2

கணவன் மனைவி இருவருக்கும் வேலை என்றால்? இதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு வாசகி தன் விரிதாளை அனுப்பியிருந்தார். சம்பளங்களைக் கூட்டுவது சரி. ஆனால் படி 4-இல் இருவருக்கும் தனித்தனியாக எண்ணி, அதில் சின்ன எண்ணைத்தான் எழுத வேண்டும். அவருடைய கணவருக்கு 50-க்கு மேல், அவருக்கு 2. கூட்டி எழுதியிருந்தபோது அந்த 2 கண்ணில் படவே இல்லையாம். படி 5-இல் சேமிப்பைக் கணக்கிடும்போது, வேலை போகாதவரின் சம்பளத்தைத் தேவையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். நான் பகிர்ந்திருந்த மூல விரிதாளில் இப்போது இதற்குத் தனி வரி சேர்த்துவிட்டேன். பழைய பிரதியை இறக்கியவர்கள் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள்.