கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடு: லீவில் வருபவர்கள் பார்க்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

காங்கயம், தாராபுரம், கோபி, பொள்ளாச்சி, எந்தப் பக்கமானாலும் சரி, ஊருக்குள் ஒரு வீடு, தோட்டத்தில் ஒரு வீடு என்று இருந்த குடும்பங்கள் கொங்கில் ஏராளம். ஊர் வீடுகள் பெரும்பாலும் இடிந்து கான்கிரீட் ஆகிவிட்டன. பங்கு பிரியாததாலோ வாடகைக்கு ஆள் வராததாலோ தோட்டத்து வீடு மட்டும் ஓட்டோடும் அதைத் தாங்கும் கைமரத்தோடும் நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து மூன்று வார லீவில் வரும் பேரன் பேத்திகள் பூட்டைத் திறந்து பார்த்து, மனசு பொறுக்காமல், மறுநாளே ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில் இந்த வீடுகளை வயது கெடுத்ததைவிட அந்த அவசர வேலை கெடுத்ததுதான் அதிகம். இந்தத் தடவை கூரையும் தண்ணீரும் சரியானால் போதும். மற்றது எதுவும் அடுத்த லீவு வரை பொறுக்கும்.

முதலில் எப்போது வருவது என்று பார்ப்போம். பள்ளி விடுமுறையை வைத்துப் பலர் ஜூன், ஜூலையில் வருகிறார்கள். அது பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று சுழற்றி அடிக்கிற நேரம். ஆடிக் காற்றில் ஓடு பிரிக்க விவரம் தெரிந்த கொத்தனார் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொண்டாலும் விடாதீர்கள். ஆனைமலை ஓரத்தை விட்டால் கொங்கின் பெரும்பகுதிக்கு நல்ல மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். அதனால் மார்கழிக் கடைசியில் வந்தால் எங்கே ஒழுகியது, சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியது என்ற தடம் அப்படியே இருக்கும். தை முதல் சித்திரை வரை ஓட்டு வேலைக்கும் சுண்ணாம்பு வேலைக்கும் ஏற்ற காலம். பொங்கல் வாரம் ஆள் கிடைக்காது, பரவாயில்லை. பட்டிப் பொங்கலுக்குப் பங்காளிகள் எல்லோரும் தோட்டத்துக்கு வந்துவிடுவார்கள். வீட்டைப் பற்றி உட்கார்ந்து பேச அதைவிட நல்ல நாள் அமையாது.

பேசும்போது அத்தைகளையும் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒருபக்கம் இருக்கட்டும், அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களைக் கேட்காமல் ஓட்டைக்கூடப் பிரிக்கக் கூடாது என்பது என் கருத்து.

காகித விஷயத்தில் வெளிநாட்டில் இருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. என்ஆர்ஐ (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்கள்), ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) ஆக இருப்பவர்கள் விவசாய நிலத்தையோ தோட்டத்து வீட்டையோ விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். அதனால் “தம்பி பங்கையும் நானே வாங்கிக்கிறேன்” என்று வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கம் எல்லாம் இப்போது அரசு இணையதளங்களில் பார்க்கலாம். பட்டா இன்னும் அப்பாரு (தாத்தா) பெயரிலேயே இருந்தால் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி மாற்றும் வேலையை இந்த லீவிலேயே தொடங்கிவிடுங்கள். ஊரில் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதுவதானால் பராமரிப்புக்கும் பட்டா வேலைக்கும் மட்டும் எழுதுங்கள், விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள். இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால், அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பலர் அதைக் கோட்டை விடுகிறார்கள்.

இனி வீடு. உள்ளே நுழைந்ததும் போன் எடுத்துப் படம் பிடிப்பதற்கு முன்னால் ஒரு பகல் முழுக்க அங்கேயே இருங்கள். காலையில் வெயில் எங்கே விழுகிறது, மத்தியானம் எந்த இடம் குளிர்ச்சி, காற்று எந்தக் கதவு வழியாக வந்து எதன் வழியாகப் போகிறது என்று பாருங்கள். முன்னால் வாசல், பக்கத்தில் களம். களத்தில் காய்வது ஆசாரம் என்கிற முன்கூடத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படும். ஆசாரத்துக்குப் பின்னால் வெளிச்சம் குறைந்த உள்வீடு. தானியமும் பெட்டகமும் இருந்த இடம் அது, இருட்டும் சில்லென்ற தரையும் தேவைப்பட்டுத்தான் அப்படிக் கட்டினார்கள். மேலே அட்டாலி என்கிற பரண். பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் பொடக்காளி என்கிற கொல்லைப்புறம். இரவில் மாடு கத்தினால் கேட்கும் தூரத்தில் கட்டுத்தரை. எறவாரம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு, தாழ்வாக இருப்பது வெயிலும் சாரலும் சுவரில் அடிக்காமல் இருப்பதற்காக. குனிந்து போக வேண்டியிருக்கிறதே என்று அதை வெட்டி உயர்த்திய வீடுகளில் இரண்டு மழையிலேயே மண்சுவர் கரையத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

வீடு எப்போது கட்டியது என்று கேட்டால் ஆளுக்கொரு ஆண்டு சொல்வார்கள். ஒரு ஓட்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பாசல் மிஷன், மங்களூர், 1865 என்று அச்சு இருக்கலாம். அது மங்களூரில் அந்தத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, உங்கள் ஓட்டின் வயதென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் கம்பெனி பெயர் பயன்படும். ஒவ்வொரு கம்பெனி ஓடும் கொஞ்சம் வேறு அளவு; ஒன்றின் காடி இன்னொன்றில் சரியாக உட்காராது. உடைந்ததற்கு மாற்று வேண்டுமானால் பக்கத்து ஊர்களில் இடிக்கும் வீடுகளில் அதே பெயர் போட்ட ஓட்டைத் தேடி வாங்கி, நூறு இருநூறு ஓடு கூடுதலாகக் கட்டுத்தரை ஓரம் அடுக்கி வைத்துவிடுங்கள். மயில்கள் பெருகிவிட்ட பக்கங்களில் அவை ஏறி நடந்தே ஓடு நழுவுகிறது. வருஷத்துக்கு நாலு ஓடாவது மாற்ற வேண்டி வரும்.

வீட்டின் கதையை உறவினர்களிடம் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். சுவர் வைத்தவர்கள், கிணறு வெட்டியவர்கள், மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தவர்கள், பண்ணையத்தில் இருந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் பக்கத்திலேயே இருப்பார்கள். அவர்களில் பலர் வாசலைத் தாண்டி உள்ளே விடப்படாதவர்கள். இந்தத் தடவை ஆசாரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். சுண்ணாம்புக்கு சுக்கான் கல்லை எங்கே பொறுக்கினார்கள், மண் எந்தக் காட்டிலிருந்து வந்தது, பனஞ்சட்டம் எத்தனை வருஷம் காய்ந்தது என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்வார்கள். வீட்டைப் பற்றி நீங்கள் எழுதி வைக்கும் நோட்டில் அவர்கள் பெயரும் இருக்கட்டும்.

வேலையில் முதலில் கூரை. நழுவிய ஓடு, உடைந்த முகட்டு ஓடு, ஓடு உட்காரும் ரீப்பர்ச் சட்டத்தில் மக்கியது, இவ்வளவையும் பார்த்துவிடுங்கள். கைமரம் சுவரில் உட்காரும் நுனியை உளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மக்குவது பெரும்பாலும் அங்கேதான். நுனி மட்டும் போயிருந்தால் அதை வெட்டிப் புது மரம் ஒட்டுப்போடலாம், முழு மரத்தையும் தூக்க வேண்டாம். அடுத்து தண்ணீர். மழைத்தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாசல் மண்ணைச் சரிவாக்குங்கள். வருஷக்கணக்கில் மண் சேர்ந்து வெளித்தரை உயர்ந்திருந்தால் வெட்டி எடுங்கள். சுவர் வெடிப்பில் அரசோ ஆலோ முளைத்திருந்தால் பிடுங்கி இழுக்காதீர்கள், சுவரும் கூட வரும். தண்டை வெட்டி, வேரைச் சாகடித்த பிறகு வெடிப்பை அடைக்கச் சொல்லுங்கள்.

சிமெண்ட் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். மண்சுவரும் சுண்ணாம்புச் சுவரும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் அடியிலிருந்து ஏறும் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். உப்புப் பூத்து, சில வருஷத்தில் பூச்சு பாளம் பாளமாகச் சுவரையும் பிய்த்துக்கொண்டு விழும். “ரெண்டு இஞ்சு சிமெண்டு போட்டா நூறு வருஷம் நிக்குமுங்க” என்று சொல்பவரிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டுக் குளிரவைத்துச் சில வாரமாவது தொட்டியில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்பதுதான் பழைய முறை. அது மெதுவாகத்தான் இறுகும். உங்கள் லீவுக்குள் முடியாது, முடிக்கவும் முயல வேண்டாம். ஒரு சுவரில் சின்ன இடத்தில் பூசிவிட்டுப் போங்கள்; ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு மீதியைத் தொடரலாம். மண், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லையென்றால் ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் பயிற்சி தருகிறது. பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்புக்குக் கோவையில் கிளை இருக்கிறது. அங்கே விசாரிக்கலாம்.

குளியலறையும் கழிப்பறையும் வேண்டும்தான், ஆனால் பழைய சுவருக்குள் குழாய் பதிக்காமல் பொடக்காளிப் பக்கம் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஃபால்ஸ் சீலிங் போடாதீர்கள். ஒழுக்கும் எலியும் கரையானும் அதற்கு மேல் இருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பழைய வயரிங்கை மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். தேக்குக் கதவைக் கேட்டு வரும் பழைய சாமான் வியாபாரிகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை நிலவு என்கிற கதவுச் சட்டம் மட்டும்தான் இருக்கும்.

காங்கயம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டோடு சேர்ந்தது கிளுவை வேலியும் கொறங்காடும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் அந்த மேய்ச்சல் காட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று ஜேசிபி விட்டால், உயிர்வேலி மறுபடி வளர ஒரு தலைமுறை ஆகும். கம்பி வேலி போட்டே ஆக வேண்டுமென்றால் கிளுவைக்கு உள்பக்கமாகப் போடுங்கள்.

கடைசியாக, பூட்டிவிட்டுப் போகாதீர்கள். அடுப்புப் புகை ஏறிய காலத்தில் ஓட்டு மரத்தில் பூச்சி அண்டவில்லை. தினமும் கூட்டிய வீட்டில் கரையான் புற்று கட்ட நேரம் கிடைக்கவில்லை. யாராவது குடியிருப்பதுதான் சிறந்தது. அதற்கு வழியில்லையென்றால் வாரம் இரண்டு நாள் கதவு ஜன்னலைத் திறந்து, கூட்டி, அட்டாலி ஏறிப் பார்த்து, வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு மாதச் சம்பளம் கொடுங்கள். சொந்தக்காரர் என்பதற்காகச் சும்மா செய்யச் சொல்லாதீர்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு முறை, ஆடிக் காற்று அடங்கியதும் ஒரு முறை, ஓட்டுக்கு ஆள் ஏற வேண்டும். அந்தக் கூலியைக் கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிட்டுப் போங்கள்.