வார நாளிலும் கீரை, பயறு சமைக்க ஒரு வழி

ஏழரைக்கு ஸ்கூல் வேன், எட்டரைக்கு ஆபீஸ், இதில் எங்கே கீரை ஆய்வது என்று கேட்பவர்களுக்குத்தான் இது. கவனித்துப் பாருங்கள், அடுப்பு வேலை அரை மணி நேரம்தான். ஆய்வது, உரிப்பது, நறுக்குவது, அப்புறம் கடலையை ஊறப்போட மறந்துவிட்டுக் காலையில் முழிப்பது, இவைதான் நேரத்தைத் தின்கின்றன. அதனால் மூன்று நாள் குழம்பை ஒரேயடியாக வைத்து ஃப்ரிட்ஜில் அடுக்க வேண்டாம். இந்தச் சில்லறை வேலைகளை மட்டும் முந்தின இரவே முடித்துவிடுங்கள்.

முருங்கைக்கீரையை உட்கார்ந்து உருவாதீர்கள். ஈரமில்லாத கொத்தைப் பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுற்றி ராத்திரி வெளியிலேயே வைத்துவிட்டால், காலையில் உதறும்போது இலை பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும், காம்பைப் பொறுக்கினால் போதும். சிறுகீரை, அரைக்கீரை என்றால் ஆய்ந்து, கழுவாமல், காகிதம் விரித்த டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கழுவி வைத்தால் சீக்கிரம் அழுகிவிடும்.

கொண்டைக்கடலைக்கு 8 மணி நேர ஊறல் வேண்டும், படுக்கப்போகும் முன் போட்டால் சரி. மறந்துவிட்டால் பச்சைப்பயறு இருக்கிறது, அது ஊறாமலே குக்கரில் வெந்துவிடும்.

காய் விஷயத்தில்தான் பல வீடுகளில் கணக்கு உதைக்கிறது. காயும் பழமுமாக ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் வீட்டுக்கு 1.6 கிலோ! கால் கிலோ பீன்ஸைப் பொரியல் செய்து ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தால் பக்கத்தில்கூடப் போகாது. சாம்பார் தனி, பொரியல் தனி என்று மல்லுக்கட்டாமல், ஒரு முழுச் சுரைக்காயைப் பாசிப்பருப்போடு குக்கரின் அடியில் போட்டு, மேல் தட்டில் அரிசியை வையுங்கள். இறக்கித் தேங்காய், சீரகம் அரைத்து விட்டுத் தாளித்தால் கூட்டும் சோறும் ஒன்றாக முடிந்தது.

சின்ன வெங்காயத்தை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். டிவி பார்த்துக்கொண்டே உரிக்கிற வேலை, அப்பாக்கள் தாராளமாகச் செய்யலாம், அவர்களுக்கும் இரண்டு கை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லோரும் ஓய்ந்துபோய்க் கடையில் பரோட்டா வாங்கினால் வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே இரண்டு வெள்ளரிக்காயை நறுக்கி வையுங்கள்.